வாட்டர் வாஷ்: நுரை நிறைய, மிச்சம் கொஞ்சம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி வழியாக ஆலங்குளம் போகிற சாலையில் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். ராம்ப் மேல் ஒரு குட்டி யானை ஏறி நிற்கிறது. கீழே நிற்பவருக்கு அரைக்கால் டவுசர், ரப்பர் செருப்பு, தலையில் பிளாஸ்டிக் கவர். கன்னை மட்கார்டுக்குள் விட்டு விசையை அழுத்துகிறார். காய்ந்து இறுகிய கரிசல் மண் முதலில் அசைந்து கொடுப்பதில்லை. ஓரம் மட்டும் கறுத்து ஈரமாகிறது. அப்புறம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து தொப்பென்று விழுகிறது. சேஸிஸில் படிந்த சிமெண்ட் தூசி அதைவிட மோசம். பழைய ஈரத்தில் கல்லாகிப்போன அந்தச் சாம்பல் பொருக்குக்குத் தண்ணீர் போதாது, பட்டையால் சுரண்ட வேண்டும்.

ராம்ப்புக்கு இந்தப் பக்கம் பைக்குகள், நுரைக்குள் ஹேண்டில்பார் மட்டும் தெரிகிற மாதிரி வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பின்னால் டிராக்டர், மில் வேன், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகப் போகிற ஒரு வெள்ளைக் கார். சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் நிமிடத்துக்கொரு தரம் பணம் வந்ததை அறிவிக்கிறது. முதலாளி யார் என்று விசாரித்தால்தான் தெரியும். எல்லாரையும் போல அவரும் முழங்கால் வரை நனைந்துதான் நிற்கிறார்.

அன்று ராத்திரி கல்லா நிறையும். பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும். தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஒரு பம்ப் வாங்கிப் போட்டால் போதாதா? அந்த ஆசையில் கடை போட்டவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர். கல்லாவை நாள் கணக்கில் எண்ணுகிறவர்களில், வருடக் கணக்கில் எழுதிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எழுதிப் பார்த்தால் பலருக்கு ராத்திரித் தூக்கம் வராது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைத்தான் எழுதிப் பார்க்கிறது.

கழுவ வந்த கதை

இது தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். சுண்ணாம்புக்கல்லும் லாரியும் பழகிய மண். ஒரு பக்கம் வெம்பக்கோட்டைக் கரிசலும் பட்டாசு ஆலைகளும், இன்னொரு பக்கம் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி, அதைத் தாண்டினால் ராஜபாளையத்து நூற்பாலைகள். ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் கோத்துக்கொண்டு திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை ஓடுகிறது தேசிய நெடுஞ்சாலை 744. கேரளாவுக்குப் போகிற சரக்கு லாரிகளும் சபரிமலைக்குப் போகிற வேன்களும் அதில்தான் செங்கோட்டை நோக்கிப் போகின்றன. அழுக்குக்குப் பஞ்சமில்லாத பூமி.

இந்தக் கன் பிறந்தது எங்கோ. அமெரிக்காவில் 1920-களில் நீராவியைப் பீய்ச்சும் இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஆல்பிரட் கார்ச்சர் 1950-ல் வெந்நீரை அழுத்தத்தில் அடிக்கும் இயந்திரத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். அவர் 1959-ல் இறந்த பிறகு நிறுவனத்தை வளர்த்தவர் மனைவி ஐரீன். வீட்டுக்காரர்கள் கையில் தூக்கிப் போகிற அளவில் அந்த இயந்திரம் சுருங்கியது 1984-ல். நம் ஊருக்கு வந்தபோது அது பிளஞ்சர் பம்ப், வி-பெல்ட், மோட்டார் என்று நமக்கேற்ற உருவம் எடுத்துக்கொண்டது. இன்று ஆன்லைனில் சில ஆயிரத்துக்கே சின்ன மெஷின் வீட்டு வாசலில் இறங்குகிறது. தொழிலுக்குள் நுழைய வாசற்படி தாழ்ந்துவிட்டது. போட்டி அங்கிருந்து வருகிறது.

ஒரு வருடம் எவ்வளவு?

மாதிரிக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எந்தத் தனிக் கடையின் கணக்கும் இல்லை இது. சிறு ஊர்களில் நடக்கிற விலைகளை வைத்து நாமே போட்டது. ஒரு ராம்ப், மூன்று எச்.பி. பம்ப், ஒரு கம்ப்ரசர், சொந்த போர். நாளுக்குச் சராசரி பத்து பைக், மூன்று கார். பைக்குக்கு 120 ரூபாய், காருக்கு 450. ஆக, ஒரு நாள் வரவு 2,550.

வருடத்தில் எத்தனை நாள்? முந்நூற்று அறுபத்தைந்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடைமழை நாளில் வண்டி கழுவ யார் வருவார்? கரண்ட் நிறுத்துகிற நாள், பம்ப் சீல் போன நாள், ஆள் வராத நாள், துக்க வீட்டு நாள் எல்லாம் கழித்தால் 280 நாள் கிடைத்தாலே நல்ல வருடம். 280 நாளுக்கு வரவு 7 லட்சத்து 14 ஆயிரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி செலவு. இரண்டு ஆள், தலைக்கு 600 ரூபாய் கூலி: 3 லட்சத்து 36 ஆயிரம். இட வாடகை மாதம் 8,000 வீதம் 96 ஆயிரம். பம்ப், கம்ப்ரசர், போர் மோட்டார் மூன்றும் சேர்ந்து நாளுக்கு 18 யூனிட் இழுத்தால் வருடத்துக்கு ஐயாயிரம் யூனிட்டுக்கு மேல். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போய்விட்டது. நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் சுமார் 55 ஆயிரம். ஷாம்பு, பாலிஷ், கிரீஸ், துணி நாளுக்கு 250 ரூபாய் என்றால் 70 ஆயிரம். ஓஸ், கன், சீல், பெல்ட் வகையில் 25 ஆயிரம். கோடையில் போர் காற்றுத் துப்பும்போது இருபது லோடு டேங்கர் தண்ணீர், 14 ஆயிரம். கூட்டினால் 5 லட்சத்து 96 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 18 ஆயிரம்.

முதலாளியே ஓர் ஆளாக நின்று கழுவினால் அந்த ஒரு கூலி 1 லட்சத்து 68 ஆயிரம் அவருக்கே மிஞ்சும். ஆக 2 லட்சத்து 86 ஆயிரம். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது: கடன். ஐந்து லட்சம் வாங்கிக் கடை போட்டிருந்தால், 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை மாதம் 11,100 ரூபாய்ச் சுற்றில் வரும், வருடத்துக்கு 1 லட்சத்து 33 ஆயிரம். அதையும் கட்டிவிட்டால் கையில் நிற்பது 1 லட்சத்து 53 ஆயிரம்.

பக்கத்தில் நின்று கழுவுகிற கூலி ஆள் அதே 280 நாளில் 1 லட்சத்து 68 ஆயிரம் வாங்கிக்கொண்டு போகிறார். கடன் அடைகிற ஐந்து வருடமும் முதலாளியை விடக் கூலிக்காரருக்கு 15 ஆயிரம் அதிகம். இந்த உண்மையைக் கல்லா காட்டாது. கல்லா தினமும் நிறைகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

[பெட்டி: ஏறியது என்ன?]
கூலி: நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 2019-20-ல் 229 ரூபாய். 2025-26-ல் 336 ரூபாய். ஆறு வருடத்தில் 46 சதவீதத்துக்கு மேல்.
கரண்ட்: 2022 செப்டம்பரின் பெரிய உயர்வுக்குப் பிறகு வணிக இணைப்புகளுக்கு 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் பத்தரை சதவீதம்.
பெட்ரோல்: லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது 2021-ல்.
உங்கள் தெருவில் பைக் கழுவுகிற கூலி இந்த ஆறு வருடத்தில் எவ்வளவு ஏறியது? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

போர்டை மாற்றப் பயம்

பால் விலை ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா விலை ஏறும். வாங்குகிறவர் முகம் சுளிக்காமல் கிலோக் கணக்கில் வாங்கிப் போவார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அந்தச் சுவை வேறு ஊரில் இல்லை என்ற நம்பிக்கை விலையைத் தாங்குகிறது. வாட்டர் வாஷ் கடைக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்து ரூபாய் கூடக் கேட்டால், "என்ன அண்ணாச்சி, போன தடவ நூத்தி இருவதுதான குடுத்தேன்?" என்று கேள்வி வரும். பதில் சொல்லத் தெரியாமல் "சரி, குடுக்குறதக் குடுங்க" என்று முடிகிற பேரங்கள் எத்தனையோ.

விலையைத் தீர்மானிப்பது செலவு இல்லை, எதிர்க்கடை போர்டு. எதிர்க்கடைக்காரரும் இவர் போர்டைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். நடுவில் கூலியும் கரண்டும் ஏறிப் போய்விடுகின்றன.

ஏற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். அதே மாதிரிக் கடை, பைக்குக்கு 140, காருக்கு 500 என்று போர்டை மாற்றுகிறது. வண்டி எண்ணிக்கை மாறவில்லை என்றால் நாள் வரவு 2,900. கூடுதல் 350 ரூபாய், வருடத்துக்கு 98 ஆயிரம். கூலியும் வாடகையும் தவணையும் அப்படியேதான் இருக்கும் என்பதால் அந்தப் பணம் முழுக்க முதலாளி பக்கம் விழும். 1 லட்சத்து 53 ஆயிரம் 2 லட்சத்து 51 ஆயிரமாகிறது. வரவில் 14 சதவீத உயர்வு. கையில் நிற்பதில் 64 சதவீத உயர்வு.

வண்டி குறைந்தால்? நாளுக்கு இரண்டு பைக் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாலும் வரவு 2,620. பழைய கல்லாவைவிட அப்போதும் 70 ரூபாய் கூடுதல், ஷாம்பு மிச்சம் தனி. ஆனால் ஒரே ஒரு கார் போய்விட்டால் வரவு 2,400. பழையதைவிட 150 குறைவு. பைக்குக்கு ஏற்றத் தயங்கி, காருக்குத் தைரியமாக ஏற்றுகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். "கார்க்காரன் குடுப்பான், பைக்குக்காரப் பையன் பாவம்" என்கிற இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிற வண்டிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இருசக்கர வண்டி. போகிற பைக்கின் இடத்துக்கு இன்னொரு பைக் வரும். போகிற காரைத் திரும்பக் கூட்டி வருவது கஷ்டம்.

காருக்கு விலை ஏற்ற வேண்டுமென்றால் சும்மா ஏற்றக்கூடாது. உள்ளே வாக்யூம் போடுகிறோம், மிதியடியைத் தனியாகக் கழுவிக் காயவைத்துத் தருகிறோம், போனில் நேரம் சொன்னால் காத்திருக்க வேண்டாம் என்று எதையாவது சேர்த்து ஏற்ற வேண்டும். கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஐம்பது ரூபாயைவிட அரைமணி நேரம் பெரிது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அட்டையில் துளை போட்டு "ஐந்து வாஷுக்கு ஒன்று இலவசம்" தருகிறார்கள். ஆறு வாஷுக்கு ஐந்தின் காசு. அதாவது 16 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி. போர்டில் 14 சதவீதம் ஏற்றப் பயந்தவர், அட்டையில் அதற்கு மேல் விட்டுக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரைப் பிடித்ததாக நினைத்துக்கொள்கிறார்.

தண்ணீருக்கு விலை இல்லையா?

மேலே போட்ட கணக்கில் தண்ணீருக்கு வெறும் 14 ஆயிரம்தான் எழுதினோம். அந்தத் தொகை பொய் சொல்கிறது. போரில் வருகிற தண்ணீருக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால்தான் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது. விருதுநகர் மாவட்டம் மாநிலச் சராசரியைவிடக் குறைவாக மழை பெய்கிற மாவட்டம். மலையடிவாரத்தில் இருக்கிற ராஜபாளையத்துக்காவது மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. கிழக்கே கரிசலுக்கு இறங்க இறங்க நிலைமை வேறு. பக்கத்து வீட்டு போர் வற்றும்போது முதலில் விரல் நீள்வது வாட்டர் சர்வீஸ் கடையை நோக்கித்தான்.

பெங்களூரில் 2024 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்து, வசூலிக்கவும் செய்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஊரே குடத்தோடு நின்றது. அப்படி ஒரு கோடை இந்தப் பக்கம் வந்து, ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தால் 280 நாள் 200 நாளாகிவிடும். அந்த 80 நாளின் வரவு 2 லட்சத்து 4 ஆயிரம். முதலாளி வருடம் முழுக்கச் சம்பாதிப்பதைவிட அதிகம்.

இங்கே பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மோட்டாரின் சக்தி ஒன்றுதான். அதை அதிகத் தண்ணீராகவும் செலவழிக்கலாம், அதிக அழுத்தமாகவும் செலவழிக்கலாம். மூன்று எச்.பி. மோட்டாரில் 35 பார் அழுத்தத்துக்கு பம்ப் அமைத்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர் போல வெளியே போகும். 150 பாருக்கு அமைத்தால் ஏழெட்டு லிட்டர்தான் போகும். ஒரு காருக்கு எட்டு நிமிடம் விசை அழுத்தினால் முதலாவதில் 240 லிட்டர், இரண்டாவதில் 60 லிட்டர். டிராக்டர் டயர்க் கரிசலுக்குத் தண்ணீரின் கனம் தேவை. காரின் பெயிண்டுக்கு அது தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே பம்ப்பை வைத்துக்கொண்டு, கோடையில் டேங்கருக்குப் போன் போடுவதுதான் இப்போது நடக்கிறது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. சாக்கடைக்கு, அல்லது ரோட்டோரப் பள்ளத்துக்கு. அதில் ஆயிலும் கிரீஸும் சோப்பும் இருக்கின்றன. வெளியேற்றும் நீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டின் பொது விதி. ஜெர்மனியில் பல ஊர்களில் வீட்டு வாசலில் கார் கழுவவே அனுமதி கிடையாது. மண் தரையில் கழுவினால் எண்ணெய் நிலத்தடி நீருக்குப் போய்விடும் என்று தடுக்கிறார்கள். நம் பக்கம் மூன்று அறைத் தொட்டி கட்டினாலே பெரிய முன்னேற்றம். முதல் அறையில் மண் படியும். இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும். வெளிக்குழாய் அடியிலிருந்து எடுப்பதால் அது அங்கேயே நிற்கும். மூன்றாவதில் வருகிற தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டால் டயரும் சேஸிஸும் கழுவ மறுபடி உதவும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். பம்ப் வாங்கக் கடன் வாங்குகிறவர்கள் இந்தத் தொட்டிக்கும் சேர்த்து வாங்கிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரின் புகார் மனுவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

[பெட்டி: ஈரத் தரை, எமன் தரை]
வாட்டர் சர்வீஸ் கடைகளில் மின்சாரம் பாய்ந்து உயிர் போவது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிற செய்தி. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று, சரியான எர்த் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் சில நாள் வரவுதான் செலவு.
கன்னிலிருந்து வரும் பீச்சு விரலில் பட்டால் வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். உள்ளே தண்ணீரும் அழுக்கும் சதையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். களிம்பு தடவிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.
நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம். ரப்பர் செருப்பு போதாது, கம்பூட் வேண்டும்.

மாதத்துக்கு ஒரு முகம்

இந்தத் தொழிலில் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆடியில் ஆண்டாள் கோயில் தேர், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக் கூட்டம். வெளியூர் வண்டிகள் தாணிப்பாறைப் புழுதியோடு வந்து நிற்கும். புரட்டாசி, ஐப்பசியில் ஆயுத பூஜை, தீபாவளி. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களின் வேன்கள். தை மகரவிளக்கு வரைக்கும் அந்த வரவு உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். ஒரு வாரம் விடாமல் பெய்தால் கடை வெறிச்சோடும். மழை விட்ட மறுநாள் சேற்றோடு வரிசை கட்டும். அந்த மறுநாளில் இரண்டு ஆள் போதாது. ஆள் தேடி அலைவதற்குள் வண்டிகள் அடுத்த கடைக்குப் போய்விடும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் இதே தொழில் செய்கிறவர்கள் தண்ணீர் உறைகிற மாதங்களில் கடையைச் சாத்துகிறார்கள். அதைத் தெரிந்தே மீதி மாதங்களின் விலையை வைக்கிறார்கள். வாசலுக்கு வந்தாலே இவ்வளவு என்று குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. நம் கடைகளில் மழை நாளின் நட்டம் வெயில் நாளின் விலையில் சேர்வதில்லை.

கூட்டம் அள்ளுகிற நாளில் கூடுதல் கேட்பதிலும் நமக்குக் கூச்சம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பூ விலை பல மடங்காகிறது, பூசணிக்காய் விலை ஏறுகிறது. அந்தப் பூசணிக்காயை எந்த வண்டிக்கு முன்னால் உடைக்கப் போகிறார்களோ அந்த வண்டியைக் கழுவுகிற கூலி மட்டும் சாதாரண நாளின் கூலி.

வளர்வது எந்தப் பக்கம்?

"அடுத்த வருஷம் இன்னொரு ராம்ப்" என்பதுதான் பெரும்பாலான கடைக்காரர்களின் கனவு. எங்களுக்கு அதில் உடன்பாடு குறைவு. முதல் ராம்ப்பே செவ்வாய், புதனில் பாதி நேரம் சும்மா நிற்கிறது. இரண்டாவது ராம்ப் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உதவும்; தவணை மட்டும் ஏழு நாளும் ஓடும்.

வண்டியைத் தாண்டி யோசித்தால் அழுக்கு வேறு இடங்களிலும் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் மொட்டை மாடியில் பாசி, வீட்டு முற்றத்தில் பேவர் பிளாக் இடுக்குகளில் கறுப்பு, கல்யாண மண்டபச் சமையல்கட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, நூற்பாலைத் தரையில் பஞ்சும் கிரீஸும். வெயில் தாங்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கும் முன் மாடியை அழுத்த நீரில் கழுவினால்தான் பெயிண்ட் பிடிக்கும். சென்னை, கோவையில் இது தனித் தொழிலாகவே நடக்கிறது. குட்டி யானையில் ஆயிரம் லிட்டர் தொட்டியும் பெட்ரோல் இன்ஜின் பம்ப்பும் ஏற்றினால் ராஜபாளையத்திலும் நடக்கும். சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிற வேலை என்பதால் "போன தடவ நூத்தி இருவது" என்கிற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

ஓர் எச்சரிக்கை. மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் 2024-ல் வந்த பிறகு சிற்றூர்களிலும் கூரை மேல் சோலார் தகடுகள் ஏறிவிட்டன. அவற்றையும் கழுவித் தருகிறோம் என்று கன்னோடு ஏறுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பக்கத்திலிருந்து அழுத்த நீர் அடித்தால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம், ஓரச் சீல் பிரியலாம். உச்சி வெயிலில் சுடுகிற தகட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடியே தெறிக்கலாம். விடியற்காலையில் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையத்திலேயே தகடுகளைத் துடைப்பதற்கு ரோபோக்களைத்தான் வைத்திருக்கிறார்கள். செப்டிக் டேங்க் வேலைக்குக் கூப்பிட்டாலும் அதே பதில்தான்: அதற்குரிய வண்டி இருக்கிறது, அதற்குச் சட்டமும் இருக்கிறது.

[பெட்டி: இருபது லட்சம் என்கிற கோடு]
சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. தாண்டினால் வண்டி கழுவுவதற்கு 18 சதவீதம். 140 ரூபாய் பைக் வாஷ் 165 ஆகிவிடும். பைக்காரருக்கு அந்த வரியைத் திரும்பப் பெறும் வழியும் இல்லை.
50 லட்சம் வரை 6 சதவீதம் மட்டும் கட்டும் தொகுப்புத் திட்டம் உண்டு. அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது. கையிலிருந்துதான் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம்.
கடன்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கான திட்ட மதிப்பு உச்சவரம்பு 2022-ல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமானது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதம் மானியம் என்பது விதி. விசாரிக்க வேண்டிய இடம் விருதுநகர் மாவட்டத் தொழில் மையம்.

18 லட்சத்தில் இருக்கிற கடை 22 லட்சத்துக்கு வளர்ந்தால் கையில் நிற்பது கூடுவதற்குப் பதில் குறையவும் கூடும். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர் 30 லட்சத்தை நோக்கி ஒரே தாவலாகத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, விலையையும் வேலையின் தரத்தையும் கூட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். வளர்ச்சி என்றால் வரவு பெருகுவது மட்டும்தான் என்று யார் சொன்னது?

நம் மாதிரிக் கடைக்கு எது பொருந்தும்? எங்கள் கண்ணுக்குப் படுவது ஒப்பந்த வேலை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிகள் வருடா வருடம் எஃப்.சி.க்குப் போயாக வேண்டும். கழுவாமல் எந்த லாரியும் எஃப்.சி.க்கு நிற்காது. மில் வேன்கள் உண்டு. எல்லாவற்றையும்விட உறுதியானவை பள்ளிப் பேருந்துகள். 2012-ல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே சிறுமி விழுந்து இறந்த பிறகு தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்தன. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில், பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை வரிசையாக மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கிறார்கள்.

பத்துப் பேருந்து வைத்திருக்கிற ஒரு பள்ளி. வாரம் ஒரு கழுவல், பேருந்துக்கு 500 ரூபாய், பத்து மாதம். இரண்டு லட்சம் ரூபாய். புது ராம்ப் வேண்டாம். சும்மா கிடக்கிற செவ்வாயும் புதனும் போதும், பஸ்ஸை ராம்ப்பில் ஏற்றாமல் தரையிலேயே கழுவலாம். கூடுதல் ஆள் கூலி, ஷாம்பு, கரண்ட் எல்லாம் போனாலும் நாலு பைக்குக்கு அலைந்து திரிந்து சம்பாதிப்பதைவிட இது நிலையான காசு. வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூலி உயரும் என்று முதல் நாளே காகிதத்தில் எழுதிக்கொள்ளவும் முடியும். பைக்காரரிடம் அப்படி ஒரு காகிதம் போட முடியுமா?

பேச வேண்டிய மாதம் ஏப்ரல். முழுப் பரீட்சை முடிவதற்குள் பள்ளித் தாளாளரைப் பார்த்துவிட வேண்டும். மே பிறந்துவிட்டால் எதிர்க்கடைக்காரர் பேசி முன்பணமும் வாங்கியிருப்பார்.